இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு: வ.உ.சி.யின் வாழ்க்கையும் நம் விளையாட்டு வளாகமும்



சென்ற பொதுக்குழுவில், நம் மனைப்பிரிவில் பொது உபயோகத்துக்கென்று விட்ட இடத்தில் ஒரு பல்நோக்கு விளையாட்டு வளாகம் அமைப்பது பற்றிப் பேசினோம். இறகுப்பந்துக்கும் கைப்பந்துக்கும் ஆடுகளம், கபடிக்கு ஒரு மண் களம், மழைக்காலத்தில் பிள்ளைகள் ஆடவும் மற்ற நாட்களில் பெரியவர்கள் யோகாசனம் செய்யவும் கூரை போட்ட ஒரு கூடம், சுற்றிலும் நடைபாதை என்பது திட்டம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று கேள்விகளில் பேச்சு நின்றுவிட்டது. பணம் யார் தருவது? நம் நகரைத் தாண்டி வரும் பிள்ளைகளை உள்ளே விடுவதா? கட்டி முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? பதில் கிடைக்காமலே காப்பி குடித்துவிட்டுக் கலைந்தோம்.

நம் மண்ணில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியவரைப் பற்றி இந்த இதழுக்கு எழுத வேண்டும் என்று கேட்டார்கள். நான் வ.உ.சிதம்பரம் பிள்ளையை எடுத்துக்கொண்டேன். அவரைப் பற்றி உங்களுக்குப் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன் என்று தோன்றலாம். கப்பல் ஓட்டினார், செக்கிழுத்தார் என்று நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான். ஆனால் மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் மனதில் வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஊர்ப் பணத்தில் ஒரு பொதுக் காரியத்தைத் தொடங்குவது எப்படி, அது எந்த இடத்தில் தள்ளாடும், எதனால் விழும் என்பதை அவரைவிட அனுபவித்தவர் நம் பக்கத்தில் இல்லை.

மைதானத்துக்குப் பெயர் தந்தவர்

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைத் தெரியாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. சுதந்திர தினக் கொடியேற்றம் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருப்போம். சீர்மிகு நகரத் திட்டத்தில் அதைப் புதுப்பித்ததையும் பார்த்தோம். அந்த மைதானத்துக்கு அவர் பெயர் பொருத்தமானது என்பதற்கு, அவர் தியாகி என்பதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அவர் நல்ல விளையாட்டுக்காரர்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் தேதி ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். தந்தை உலகநாதபிள்ளை வக்கீல், தாயார் பரமாயி அம்மாள். பிற்காலத்தில் அவர் தம் வாழ்க்கையைச் செய்யுளாகவே எழுதி வைத்தார். அதில் சிறு வயதில் தாம் ஆடிய ஆட்டங்களை எல்லாம் மறக்காமல் சொல்லியிருக்கிறார். கோலி, சடுகுடு, ஓட்டம், நீச்சல், குதிரையேற்றம், சிலம்பம், மல்யுத்தம், வில்வித்தை, சதுரங்கம் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பையன் படிக்காமல் ஆடிக்கொண்டே இருக்கிறான் என்று வீட்டில் கவலைப்பட்டிருப்பார்கள். ஆனால் முப்பத்தைந்து வயதில் சிறைக்குப் போய், மாடு இழுக்கிற செக்கை இழுத்து, உயிரோடு திரும்பி வந்த உடம்பு அது. மன உறுதி ஒன்றால் மட்டும் அது முடிந்திருக்குமா என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. ஒட்டப்பிடாரத்து மண்ணில் புரண்டு ஆடிய ஆட்டத்துக்கும் அதில் பங்கு இருந்திருக்கும்.

அவருடைய படிப்பிலும் ஊருக்குப் பங்கு இருந்தது. தமிழை வீரப்பெருமாள் அண்ணாவி என்ற ஆசிரியரிடம் கற்றார். ஆங்கிலம் படிக்க ஊரில் வசதி இல்லாதபோது, அவருடைய தந்தை ஊர்க்காரர்கள் துணையோடு ஒரு பள்ளிக்கூடத்தை ஏற்படுத்தினார். ஒரு வீட்டுப் பையனுக்காக நினைத்த பள்ளிக்கூடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆயிற்று. அதன் பிறகு தூத்துக்குடியிலும், நம் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலும் படித்தார். கொஞ்ச நாள் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை பார்த்துவிட்டு, திருச்சிராப்பள்ளிக்குப் போய்ச் சட்டம் படித்து, 1895 முதல் ஒட்டப்பிடாரத்தில் வக்கீலாக இருந்தார். ஏழைகள் வழக்கைப் பணம் வாங்காமல் நடத்துவார். தந்தை ஒரு பக்கம், மகன் எதிர்ப்பக்கம் என்று வாதாடிய வழக்குகளும் உண்டு. 1900ஆம் ஆண்டு தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

பணம் யார் தருவது?

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் அந்தக் காலத்தில் நல்ல போக்குவரத்து. ஆளும் சரக்கும் பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியின் கப்பல்களில்தான் போக வேண்டும். கூலி அவர்கள் வைத்ததுதான். வங்காளப் பிரிவினைக்குப் பிறகு சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியபோது, வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசிப் பண்டகசாலை, தருமசங்க நெசவுச்சாலை என்று சிறிது சிறிதாகத் தொடங்கினார். அடுத்த அடி கடலில் வைத்தார். 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று.

இந்த இடத்தில் கணக்கைக் கவனியுங்கள். மூலதனம் 10 லட்சம் ரூபாய். அன்றைக்கு அது மலைக்க வைக்கிற தொகை. நாலு பெரிய முதலாளிகளைப் பிடித்து அதைத் திரட்டப் பார்த்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் என்று 40,000 பங்குகளாகப் பிரித்தார். பெரிய வியாபாரிகளும் வாங்கலாம், கையைக் கடித்துச் சேர்த்துவைத்த நடுத்தரக் குடும்பமும் வாங்கலாம். கம்பெனிக்குத் தலைவராகப் பாண்டித்துரைத் தேவர் வந்தார். மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட அதே பாலவநத்தம் ஜமீன்தார்தான். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 2 லட்சம் ரூபாய் போட்டு 8,000 பங்குகள் எடுத்தார். எட்டயபுரத்து பாரதியார் தம்முடைய இந்தியா இதழில் கம்பெனியை ஆதரித்து எழுதினார்.

பெரிய தொகை தந்தவரும் ஒற்றைப் பங்கு எடுத்தவரும் ஒரே கம்பெனியின் பங்குதாரர். ஜமீன், வியாபாரி, வக்கீல், இந்து, முஸ்லிம் என்று எல்லாரும் அந்த ஒரு பேரேட்டில் இருந்தார்கள். கப்பல் யாருடையது என்று கேட்டால், நம்முடையது என்று சொல்லத் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் எத்தனையோ வீடுகள் இருந்தன.

நம் கூட்டத்தில் ஒருவர் கேட்டது நினைவிருக்கும். வசதியுள்ள ஐந்தாறு பேர் மொத்தப் பணத்தையும் தந்தால் வேலை சீக்கிரம் முடியுமே என்றார். முடியும்தான். ஆனால் அப்புறம் அது அந்த ஐந்தாறு பேருடைய வளாகமாக இருக்கும். மற்றவர்கள் விருந்தாளிகள்போல வந்து போவோம். பல்பு எரியாவிட்டால் நமக்கென்ன என்று இருப்போம்.

நம் பக்கத்தில் ஒரே ஒருவர் முழுப் பணமும் கொடுத்துக் கட்டியதற்குப் பெருமையான உதாரணம் உண்டு. தாமிரபரணியின் மேலே நிற்கிற சுலோசன முதலியார் பாலம் அது. 1843இல் திறந்த அந்தப் பாலத்துக்கு ஊரெல்லாம் நன்கொடை திரட்டும் பொறுப்பை ஏற்றவர், கடைசியில் தாமே செலவை ஏற்றுக்கொண்டார். அப்படிப்பட்டவர் நூறு வருஷத்துக்கு ஒருவர் பிறக்கலாம். அவர் பிறக்கட்டும் என்று நம் பிள்ளைகள் காத்திருக்க முடியாது. நமக்கு ஏற்றது 25 ரூபாய்ப் பங்குதான்.

யாரை உள்ளே விடுவது?

வ.உ.சி.யின் வீட்டைப் பற்றி ஒரு செய்தி. இராமையா தேசிகர் என்று ஒரு பெரியவர். கண்பார்வை இல்லாதவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர். வ.உ.சி. அவரைத் தம் வீட்டிலேயே வைத்துப் பராமரித்தார். உறவினர்கள் முகம் சுளித்தார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய நம் ஊர்ப்பக்கம் எப்படி இருந்திருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வ.உ.சி.யின் முதல் மனைவி வள்ளியம்மை, வந்த பேச்சைப் பொருட்படுத்தாமல் அந்தப் பெரியவருக்குச் சோறு போட்டார். அந்த அம்மாள் இளம் வயதிலேயே காலமாகிவிட்டார். பிறகு 1901இல் மீனாட்சி அம்மாளை மணந்தார்.

வாசலைத் திறந்து வைத்த அந்தப் பழக்கம் அவருக்குப் பின்னால் கைகொடுத்தது. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னே நின்றார்கள். கூலி இல்லாத தொழிலாளிகளுக்கு ஊர் சோறு போட்டது. கடைக்காரர்கள் பொருள் தந்தார்கள், வக்கீல்கள் பணம் தந்தார்கள். தொழிலாளிகளைக் குறை சொல்லிப் பேசிய ஒரு வக்கீலுக்கு, முடிதிருத்துகிறவர் பாதிச் சவரத்தோடு கத்தியை மடக்கிவிட்டுப் போய்விட்டார் என்பது இன்றைக்கும் சொல்லப்படுகிற சம்பவம். ஒன்பது நாளில் மில் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, வேலை நேரம் குறைந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது.

மில்லுக்குள் வேலை பார்த்தவர்களின் பிரச்சினை அது. வெளியே இருந்த கடைக்காரருக்கும் முடிதிருத்துகிறவருக்கும் அதில் நேரடி லாபம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நம் ஊர்க் காரியம் என்று நினைத்தார்கள். அதனால்தான் ஒன்பது நாளில் முடிந்தது.

நம் நகரின் பின்பக்கத் தெருப் பிள்ளைகள் வருவார்களே, சத்தமாக இருக்குமே, வண்டி நிறுத்த இடம் இருக்காதே என்று சிலர் கவலைப்பட்டார்கள். சத்தமும் வண்டியும் உண்மையான பிரச்சினைகள். அதற்கு நேரக் கட்டுப்பாடு வைக்கலாம், இரவு விளக்கை எத்தனை மணிக்கு அணைப்பது என்று எழுதிப் போடலாம், சைக்கிள் நிறுத்தம் தனியாக ஒதுக்கலாம். ஆனால் இன்னார் பிள்ளை வரக் கூடாது என்று கேட்டுக்குப் பூட்டுப் போட்டால், நாளைக்கு நமக்கு ஒன்று என்றால் அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வர மாட்டார்கள். கபடிக்கு ஏழு பேர் வேண்டும், எதிரில் ஏழு பேர் வேண்டும். பாதி வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிற நம் நகரில், நம் பிள்ளைகளை மட்டும் வைத்து ஒரு அணி சேர்ப்பதே பெரும்பாடு.

கட்டிய பிறகு யார் பார்த்துக்கொள்வது?

இனி வருவதுதான் அவர் வாழ்க்கையின் கஷ்டமான பகுதி. நமக்கு அதிகம் தேவைப்படுவதும் இதுதான்.

கம்பெனி தொடங்கியபோது அதனிடம் சொந்தக் கப்பல் இல்லை. ஷா லைன் என்ற கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்தார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்கடி கொடுத்ததில் அந்த வாடகைக் கப்பல் திரும்பிப் போய்விட்டது. கொழும்பிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்திச் சமாளித்தார் வ.உ.சி. பிறகு சொந்தக் கப்பல் வாங்கப் பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, மனைவி கர்ப்பிணி. கப்பலோடுதான் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், சொன்னபடியே செய்தார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின. ஒவ்வொன்றிலும் சாதாரண வகுப்பில் மட்டும் 1,300 பேர் போகலாம், 4,000 மூட்டை சரக்கு ஏற்றலாம்.

வெள்ளைக்காரக் கம்பெனி கூலியைக் குறைத்தது. கொழும்புக்கு ஒரு ரூபாய் என்றது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அவர்கள் பணமே வேண்டாம், சும்மா வாருங்கள், ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். அவர்களுக்கு இந்த ஒரு வழியில் நஷ்டம் வந்தால் மற்ற வழிகளில் சரிக்கட்டிக்கொள்ள முடியும். 25 ரூபாய்ப் பங்குகளால் கட்டிய கம்பெனிக்கு அப்படி முடியாது. அதற்கு இருந்த ஒரே பலம், எட்டணா கொடுத்தாவது நம் கப்பலில்தான் போவேன் என்று நினைக்கிற பயணி. அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். இலவசக் குடையை வாங்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள்.

அதற்குள் அரசாங்கத்தின் பார்வை அவர் மேல் விழுந்துவிட்டது. 1908 மார்ச்சில் விபின் சந்திர பாலர் விடுதலையானதைத் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் கொண்டாடினார்கள். நம் தாமிரபரணிக் கரைத் தைப்பூச மண்டபத்தில் வ.உ.சி.யும் சிவாவும் பேசினார்கள். மார்ச் 12ஆம் தேதி இருவரையும் கைது செய்து பாளையங்கோட்டை சிறையில் அடைத்தார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைத்தன, மாணவர்கள் வெளியே வந்தார்கள், நகராட்சி அலுவலகம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். சந்திப்புக்கும் டவுனுக்கும் நாம் தினமும் போய்வருகிற இந்தத் தெருக்களில் நடந்தது இது.

ஜூலை 7ஆம் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, மொத்தம் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆனாலும் கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் காலம் கழித்து, கைதான நாளிலிருந்து ஏறக்குறைய நான்கே முக்கால் ஆண்டு கழித்துத்தான் வெளியே வந்தார். கோவைச் சிறையில் அவர் இழுத்த செக்கு இப்போது சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் அவசியம் காட்டுங்கள்.

அவர் உள்ளே இருந்தபோது கம்பெனி என்ன ஆயிற்று? முன்னே நிற்க அவர் இல்லை. அரசாங்கத்தைப் பகைத்துக்கொள்ளப் பலருக்கும் பயம். 1911இல் கம்பெனியைக் கலைத்துவிட்டார்கள். கப்பல்களை விற்றார்கள். எந்தக் கம்பெனிக்கு எதிராக அவற்றை வாங்கினாரோ, அதன் கைக்கே கப்பல் போய்ச் சேர்ந்தது.

1912 டிசம்பர் 24ஆம் தேதி விடுதலையானபோது அவருக்கு 40 வயது. கைதானபோது ஊரே கொந்தளித்ததே, அந்தக் கூட்டம் சிறை வாசலில் இல்லை. சுப்பிரமணிய சிவாவும் ஒருசிலரும்தான் காத்திருந்தார்கள். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னைக்குப் போய்ச் சிறு வியாபாரங்கள் செய்தார். ஒன்றும் சரியாக அமையவில்லை. குடும்பம் வறுமையில் வாடியது.

இதைப் படித்துவிட்டு, அந்தக் காலத்து மக்கள் நன்றி இல்லாதவர்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடக் கூடாது. துப்பாக்கியும் சிறையும் எதிரே நிற்கும்போது யாருக்கும் பயம் வரும். நமக்கோ அப்படி ஒரு பயமும் இல்லை. மாதச் சந்தாவை மறக்காமல் கொடுப்பதும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எட்டிப் பார்ப்பதும்தான் நமக்குள்ள சோதனை. திறப்பு விழாவுக்குச் சாமியானா போட்டால் நாம் எல்லாரும் வருவோம். மூன்றாம் வருஷம் வலை கிழிந்து தொங்கும்போது யார் வருவோம் என்பதுதான் கேள்வி. பக்கத்திலேயே குளிர்சாதன வசதியோடு ஒரு தனியார் உடற்பயிற்சிக் கூடம் வந்து, முதல் மாதம் இலவசம் என்று ஒரு பையும் கொடுத்தால், நாம் எங்கே போவோம் என்பதும்தான். அந்தக் காலத்துக் குடை இன்றைக்கும் வேறு உருவத்தில் வரும்.

இன்னொன்றும் உண்டு. வ.உ.சி. என்ற ஒருவர் இல்லையென்றதும் கம்பெனி நிலைகுலைந்தது. எந்தப் பொதுக் காரியமும் ஒருவர் தோளில் மட்டும் நிற்கக் கூடாது. நம் சங்கத்திலும் இரண்டு மூன்று பேர்தான் எல்லாவற்றுக்கும் ஓடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தால் தண்ணீர் லாரிக்குப் போன் பண்ணக்கூட ஆள் இல்லை. வளாகத்துக்கென்று தனிக் குழு, அதில் ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒருவர், பெண்கள் பாதிப் பேர், ஆடுகிற பிள்ளைகளிலிருந்தே இரண்டு பேர் என்று வைத்தால் யார் வந்தாலும் போனாலும் காரியம் நடக்கும்.

கணக்கு

அவர் சென்னையில் கஷ்டப்பட்ட நாட்களில், தென்னாப்பிரிக்காவில் இருந்த தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டினார்கள். அது காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 1915இல் காந்தி சென்னைக்கு வந்தபோது வ.உ.சி. அவரைச் சந்தித்தார். அதன் பிறகு இருவருக்கும் இடையே பல கடிதங்கள் போய்வந்தன. கொடுத்தவர் யார், தொகை எவ்வளவு என்ற விவரத்தைத் தேடிச் சரிபார்க்க மாதக்கணக்கில் ஆயிற்று. கடைசியாக 1916இல் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி. கைக்கு வந்தது. இதில் யாருடைய மனதிலும் குற்றம் இல்லை. கொடுத்தவர்கள் அன்போடு கொடுத்தார்கள், அனுப்பியவர் பொறுப்போடு அனுப்பினார். ஆனாலும் விவரம் உடனே கைக்கு எட்டாததால், அடுப்புக்கு விறகில்லாத வீட்டுக்கு வர வேண்டிய பணம் அவ்வளவு தாமதமாக வந்தது.

பொதுப் பணம் என்றால் அன்று வாங்கியதை அன்றே எழுத வேண்டும். நம் வளாகத்துக்கு வரும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது தருவது, தனி வங்கிக் கணக்கு வைப்பது, இந்தக் காலாண்டிதழிலேயே வரவு செலவை வெளியிடுவது என்று பொருளாளர் சொல்லியிருக்கிறார். தணிக்கை ஆண்டுக்கு ஒருமுறை போதாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேண்டும் என்பது என் கோரிக்கை.

பிறகு வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் வ.உ.சி.க்குச் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தம் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ஆட்சியை எதிர்த்தவர்தான், ஆனால் உதவிய மனிதரை மறக்கவில்லை. கோவில்பட்டியிலும் பிறகு தூத்துக்குடியிலும் வக்கீல் தொழில் பார்த்தார். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்தில் இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்க உழைத்தார். மெய்யறம், மெய்யறிவு போன்ற நூல்களை எழுதினார்.

கடைசிக் காலத்தில் எழுதிய உயிலில், எந்த ஜவுளிக் கடைக்கு எவ்வளவு பாக்கி, எண்ணெய்க் கடைக்கு எவ்வளவு பாக்கி என்று குறித்து வைத்தார். பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியைத் தொடங்கியவர் அவர். எண்ணெய்க் கடைக்காரரின் சில ரூபாய் நின்றுவிடக் கூடாது என்பது கடைசிக் கவலைகளில் ஒன்றாக இருந்தது. 1936 நவம்பர் 18ஆம் தேதி, அவர் விருப்பப்படியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. அவருக்கு 64 வயது.

அதற்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. 1961இல் சினிமா, 1972இல் தபால்தலை, 2011இல் தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயர். பாளையங்கோட்டையில் அவரை அடைத்த சிறை இருக்கிற அதே ஊரில், பிள்ளைகள் ஓடியாடும் மைதானத்துக்கும் அவர் பெயர். இவை எல்லாவற்றிலும் அவருக்கு மைதானம்தான் மிகவும் பிடித்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நாம்

இப்போது நம் காரியத்துக்கு வருவோம். பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது விதி. நம் பொது இடம் அப்படி வந்தது. அது குப்பை கொட்டும் இடமாகவோ, யாரோ வேலி போட்ட இடமாகவோ ஆவதற்கு முன்னால் நாம் பயன்படுத்தத் தொடங்க வேண்டும். தமிழக அரசின் நமக்கு நாமே திட்டத்தில், பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பணத்தைத் தந்தால் மீதியை அரசு ஏற்கிறது. மாநகராட்சியிடம் மனுக் கொடுக்கும்போது நம் பங்கு கையில் இருந்தால் பேச்சுக்கு மதிப்பு வரும்.

அந்த மூன்றில் ஒரு பங்கை, வ.உ.சி. காட்டிய வழியில் சிறு பங்குகளாகப் பிரிக்கலாம் என்பது என் யோசனை. ஒரு பங்கின் தொகை எவ்வளவு என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். ஓய்வூதியத்தில் வாழ்கிறவரும், வாடகைக்குக் குடியிருக்கிறவரும், நம் நகரில் வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவும் விரும்பினால் எடுக்கும்படி அது சிறியதாக இருக்க வேண்டும். வசதி உள்ளவர்கள் நூறு பங்கு எடுக்கட்டும். ஆனால் பெயர்ப்பலகையில் ஒரு பங்கு எடுத்தவர் பெயரும் நூறு பங்கு எடுத்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகர வரிசையில் இருக்கட்டும்.

எங்கள் வீட்டில் விளையாட யாரும் இல்லையே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்கும் முழங்கால் வலி. பேரப்பிள்ளைகள் தொலைவில். ஆனாலும் நான் ஒரு பங்கு எடுக்கப் போகிறேன். சாயங்காலம் நடைபாதையில் உட்கார்ந்து, யார் பிள்ளைகளோ ஆடுகிற கபடியைப் பார்க்க எனக்கு ஓர் இடம் வேண்டும். அதைவிட முக்கியமாக, அந்த இடம் பாழாகப் போகிறதென்றால் தட்டிக்கேட்க எனக்கு ஓர் உரிமை வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவுக்கு வாருங்கள். வீட்டில் ஆடுகிற பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்பு கேட்ட மூன்று கேள்விகளுக்கும் இந்த முறை காப்பி ஆறுவதற்குள் பதில் சொல்லிவிடுவோம்.